அற்றோணித் தத்துவமும் மரணமும்

ஒருவர் செய்தற்குரிய கருமத்தை அவர்பொருட்டு இன்னொருவர் செய்தல் மக்கள் வாழ்வில் மிகப் பழைய வழக்காகும். அரசர்க்காகத் தூதர் பேசினர்; வணிகர்க்காகக் கணக்கப்பிள்ளைமார் கொண்டும் கொடுத்தும் வந்தனர்; கடல் கடந்து தொழில் பார்க்கச் சென்றோரின் காணி பூமிகளை ஊரிலிருந்த உறவினர் பராமரித்தனர். இவ்வழக்கிற்குச் சட்டம் அளித்த எழுத்துருவமே ஈழநாட்டில் அற்றோணித் தத்துவம் என்று வழங்கும் பத்திரமாகும். தத்துவங் கொடுத்தவர் உயிரோடிருக்குங்காறும் இப்பத்திரத்தின் வலிமையைப் பற்றி ஐயம் எழுவது அரிது. அவர் இறந்த மறுநாள் அதன் நிலை யாது? எழுத்து மாறவில்லை, கையொப்பம் அழியவில்லை, சாட்சிகள் உயிரோடிருக்கின்றனர். ஆயினும் அப்பத்திரத்தைக் கொண்டு ஒரு காணியை விற்கலாமா? ஒரு கடனை அறவிடலாமா?

இவ்வினாவுக்கு விடை சுருக்கமானது. கொடுத்தவரின் உயிரோடு தத்துவமும் ஒழியும் என்பதே பொதுவிதி. எனினும் அவ்விதி எக்காரணம் பற்றித் தோன்றியது, எவ்விடங்களில் நெகிழ்ந்தது, எவ்விடத்தில் நெகிழ மறுத்தது என்பவற்றை ஆராயுமிடத்து, பிறர் கொடுத்த அதிகாரம் வேறு, தனக்குரிய உரிமை வேறு என்னும் வேறுபாட்டை மனிதர் கண்டறிந்த வரலாறு ஒன்று புலனாகின்றது. அவ்வரலாறு உரோமாபுரியில் தொடங்குகின்றது.

உரோமர் பிறர்பொருட்டுச் செயலாற்றும் ஒப்பந்தத்தை 'மந்தாத்தும்' என்றனர். கூலி பெற்றுச் செய்வது அவர் கருத்தில் மந்தாத்தும் ஆகாது. அது நட்பிலும் கடப்பாட்டுணர்ச்சியிலும் வேரூன்றியது. ஒருவர் மற்றொருவரை நம்பி ஒரு கருமத்தை ஒப்படைக்கிறார். மற்றவர் அந்நம்பிக்கையை ஏற்கிறார். ஆதலின் இருவருள் எவர் இறப்பினும் அப்பிணைப்பு அறுந்துபோதல் இயல்பேயாம். நட்பு, காணியைப்போல வழித்தோன்றல்களுக்குக் கைமாறுவதன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேயஸ் என்னும் சட்ட ஆசிரியர் தமது பாடநூலில் இதனை விதியாகவே கூறுகின்றார். கருமந் தொடங்குமுன் இருவரில் ஒருவர் இறப்பின் மந்தாத்தும் கரைந்துவிடும் என்பது அவர் துணிபு.

ஆனால் உரோமர் விதியைக் கூறிய அளவில் நின்றுவிடவில்லை. ஒப்படைத்தவர் இறந்ததை அறியாமல், நல்லெண்ணத்தோடு கருமத்தை முடித்த ஒருவர் நட்டமடைதல் நீதியாகுமா என்ற வினாவையும் அவர் எழுப்பினர். நியாயமான அறியாமை ஒருவருக்குத் தீங்காதல் தகாது என்பது கேயஸ் தரும் விடை. அத்தகையவர் தாம் செய்த செலவை இறந்தவரின் வழித்தோன்றல்களிடம் கேட்கலாம். இதற்கு ஒப்பாக அவர் காட்டும் எடுத்துக்காட்டும் சுவையானது. ஒருவரின் கணக்குகளைப் பார்த்துவந்த அடிமை விடுதலை பெற்றுவிடுகின்றான். அச்செய்தி அறியாத ஒருவர் தாம் பட்ட கடனை வழக்கம்போல அவனிடமே செலுத்துகின்றார். அவன் அதிகாரம் ஒழிந்துபோயினும் பணஞ் செலுத்தியவர் கடனினின்றும் நீங்கியவரே என்பது பெரும்பாலோர் கொள்கை. பேரரசர் யஸ்டினியன் கி. பி. 533 இல் வெளியிட்ட பாடநூலிலும் இக்கருத்து இடம்பெற்றது.

இறந்தபின் செய்யும்படி கொடுத்த கட்டளைக்கு வலிமை உண்டா என்பது இதனோடு தொடர்புடைய மற்றொரு வினா. ஒரு கடப்பாடு வழித்தோன்றல் ஒருவரிடத்தே புதிதாகத் தொடங்குதல் இயலாது என்னுங் காரணத்தால் கேயஸ் அதனைச் செல்லாதது என்றார். எனினும் தமக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பும்படி ஒருவர் நண்பரிடம் ஒப்படைத்து இறந்தால், அதனை நிறைவேற்றுவிக்க வழித்தோன்றல் வழக்குத் தொடுக்கலாம் எனச் சட்டத் தொகுப்பில் ஓரிடத்துக் காணப்படுகின்றது. இறந்தவரின் இறுதி விருப்பத்தை ஒரு தருக்க விதிக்காகத் தள்ளிவிட மனம் ஒப்பாத நிலை இங்கே தெரிகின்றது.

இனி ஆங்கில நாட்டுக்கு வருவோமாயின் அங்கே வேறோர் உலகம் காணப்படும். இடைக்கால இங்கிலாந்திலே நிலத்தைக் கைமாற்றுவதற்கு எழுத்து மட்டும் போதாது. கொடுப்பவரும் பெறுபவரும் அந்நிலத்துக்கே சென்று, ஒரு மண்கட்டியையோ மரக்கொம்பையோ கையிற் கொடுத்து உடைமையை ஒப்படைத்தல் வேண்டும். நேரிற் செல்ல இயலாதவர் இவ்வொப்படைப்பைச் செய்யும்படி இன்னொருவருக்கு அற்றோணிப் பத்திரம் கொடுப்பதுண்டு. அப்பத்திரத்தைப் பெற்றவர் நிலத்துக்குச் செல்லுமுன் கொடுத்தவர் இறந்துவிட்டால் யாது நிகழும்? பதினைந்தாம் நூற்றாண்டில் நிலவுரிமை பற்றி நூல் எழுதிய லிற்றில்ற்றன், அப்பத்திரத்தால் பயனில்லை என்றார். 1628 ஆம் ஆண்டில் அந்நூலுக்கு உரை வகுத்த எட்வேட் கோக்கும் அதனையே வலியுறுத்தினார். கொடுத்தவர் இறந்த கணமே நிலம் அவர் வழித்தோன்றலைச் சேர்ந்துவிட்டது; இறந்தவர் பெயரால் மண்கட்டியைக் கொடுப்பவர் பிறருடைய மண்ணையே கொடுக்கிறார்.

இப்பழைய விதியின் வன்மையை நன்கு விளக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த ஹண்ட் என்பவரின் வழக்காகும். 1820 ஆம் ஆண்டு சனவரி 11 ஆந் தேதி ரூஸ்மனியர் என்பவர் ஹண்டிடம் 1,450 டொலர் கடன் கேட்டார். பற்றுச்சீட்டுகளோடு, அப்போது கடலிற் சென்றிருந்த 'நீரியஸ்' என்னும் கப்பலில் தமக்கிருந்த பங்கை ஈடு வைக்கவோ விற்பனை உறுதி எழுதிக் கொடுக்கவோ அவர் இசைந்தார். கடன் கொடுப்பவருக்கு இதனினும் பாதுகாப்பான வழி வேறில்லை. ஆயினும் இருவரும் வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையை நாடினர். ஈட்டுறுதியைப் போலவே அற்றோணித் தத்துவமும் வலிமையுடையது. அதனைக் கொண்டால் கப்பற் பத்திரங்களை மாற்றவேண்டியதில்லை. கப்பல் திரும்பியதும் அதனைக் கையேற்கும் தொல்லையுமில்லை என்று அவ்வழக்கறிஞர் கூறினார். அவ்வாறே தத்துவம் எழுதப்பட்டது. கடன் தீர்க்கப்படாவிடின் கப்பற் பங்கை விற்றுக் கடனுக்குரியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க ஹண்ட் அதிகாரம் பெற்றார். மார்ச்சு 21 ஆந் தேதி மேலும் 700 டொலர் கடனாகக் கொடுக்கப்பட்டது. அதற்கும் 'இன்டஸ்ட்ரி' என்னும் வேறொரு கப்பலின் பங்கு பற்றி இவ்வாறே தத்துவம் எழுதப்பட்டது.

மே 6 ஆந் தேதி ரூஸ்மனியர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து அவர் கடன்களைத் தீர்க்கப் போதாது. ஹண்டுக்குத் திரும்பியது 200 டொலர் மாத்திரமே. கப்பல்கள் துறைமுகம் வந்து சேர்ந்ததும் அவர் தமது தத்துவத்தின்படி அப்பங்குகளைக் கையேற்று விற்பனைக்கு அறிவித்தார். இறந்தவரின் மரணச் சொத்தை நிருவகித்தவர்கள் அவ்விற்பனையைத் தடுத்தனர். வழக்கு நீதியரசர் ஸ்டோரியின் முன் தோல்வியுற்று, பின்னர் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1823 ஆம் ஆண்டில் பிரதம நீதியரசர் யோன் மார்ஷல் வழங்கிய தீர்ப்பு இத்துறையில் ஓர் எல்லைக்கல்லாக நிலைத்துவிட்டது. பத்திரத்தில் எழுதப்பட்ட தத்துவத்தை, அது கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதாயின், கொடுத்தவர் தம் வாழ்நாளில் தம் விருப்பப்படி மீட்டுக்கொள்ள இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மீட்கமுடியாததை மரணம் மீட்டுவிடும் என்றார். இது முரண்பாடு போலத் தோன்றினும் இதன் காரணம் தெளிவானது. தத்துவகாரர் தமது பெயரால் எதையுஞ் செய்வதில்லை. கொடுத்தவரின் பெயராலேயே உறுதியை முடிக்கிறார். அவர் கை எழுதினாலும் எழுதுபவர் கொடுத்தவரே என்பது சட்டத்தின் கொள்கை. கொடுத்தவர் இவ்வுலகில் இல்லாதபோது அவர் பெயரால் உறுதி முடிப்பதென்பது இறந்தவர் எழுந்துவந்து கையொப்பமிட்டார் என்பதையொக்கும்.

இதற்கு விலக்கு ஒன்றுண்டு. தத்துவத்தோடு கூடவே அப்பொருளிலும் ஓர் உரிமை தத்துவகாரரிடம் வந்து சேர்ந்திருந்தால், கொடுத்தவர் இறந்தபின்னும் தத்துவம் நிலைக்கும். ஏனெனில் அப்போது அவர் தமது பெயராலேயே செயலாற்ற வல்லவர். ஹண்டுக்கு அத்தகைய உரிமை இருந்ததா? கப்பலை விற்றபின் வரும் பணத்தில் அவருக்கு நாட்டம் இருந்தது. கப்பலில் அவருக்கு உரிமை இருக்கவில்லை. விற்கும் அதிகாரத்தைச் செலுத்தினாற்றான் அந்நாட்டம் உரிமையாக மாறும். அதிகாரமோ மே 6 ஆந் தேதியோடு ஒழிந்துவிட்டது. எனவே ஹண்டின் பத்திரம் வெறுந்தாளாயிற்று.

எனினும் நீதிமன்றம் அவரை அந்நிலையில் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. இருதிறத்தாரும் சட்டத்தைத் தவறாக விளங்கிக்கொண்டதற்கு ஒப்புரவுச் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்பதை ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அது மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து 1828 ஆம் ஆண்டில் முடிவெய்தியது. இருவரும் தாம் எழுத விரும்பிய பத்திரத்தையே எழுதினர். அதன் பயனைப் பற்றியே தவறாக எண்ணினர். அத்தவற்றைத் திருத்தி அவர்கள் எழுதாத ஈட்டுறுதி ஒன்றை நீதிமன்றம் எழுதிக் கொடுத்தல் ஆகாது எனத் தீர்க்கப்பட்டது. கையிற் கிடைக்கவிருந்த ஈட்டை விட்டுத் தத்துவத்தைத் தெரிந்துகொண்டமையால் ஹண்ட் தமது காவலை இழந்தார். ரூஸ்மனியருக்குக் கடன் கொடுத்தோர் அவர் ஒருவரல்லர் என்பதையும் இங்கே மறத்தலாகாது. சொத்துப் போதாதவிடத்து ஒருவருக்குக் காட்டும் இரக்கம் மற்றையோரின் பங்கினின்றே எடுக்கப்படும்.

மார்ஷலின் தீர்ப்பு தருக்க முறையில் அசைக்க முடியாதது போலத் தோன்றினும் எல்லா நாடுகளும் அதனை ஏற்கவில்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், கொடுத்தவரின் மரணத்தால் முகவரின் அதிகாரம் ஒழியும் என 201 ஆம் பிரிவிலே கூறியபின், அடுத்த பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. தமது நிலத்தை விற்று, அப்பணத்திலிருந்து தாம் பட்ட கடனை எடுத்துக்கொள்ளும்படி ஒருவர் மற்றொருவருக்கு அதிகாரம் கொடுப்பின், அவ்வதிகாரத்தை அவர் மீட்க இயலாது; அவர் சித்தசுவாதீனத்தை இழப்பினும் இறப்பினும் அது ஒழியாது. ஹண்டின் நிலை ஏறக்குறைய இதுவே. கப்பலுக்குப் பதிலாக நிலத்தைக் கொண்டு, ரோட் ஐலண்டுக்குப் பதிலாக இந்தியாவில் அவர் வழக்காடியிருப்பின் வெற்றி அவர் பக்கமாகவே இருந்திருக்கும் எனலாம். ஒரே வினாவுக்கு இரு நாட்டுச் சட்டங்கள் எதிர்மாறான விடை பகர்வதிலிருந்து, பொருளில் உரிமை என்பதன் எல்லையை வகுப்பது எத்துணை அரிது என்பது போதரும்.

அறியாமற் செய்தவரின் நிலை பற்றியும் ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் கடுமையாகவே இருந்தது. இல்பெரி என்பவர் 1839 ஆம் ஆண்டு மே மாதம் மனைவியை இங்கிலாந்தில் விட்டுச் சீனத்துக்குப் புறப்பட்டு, அவ்வாண்டு அற்றோபர் மாதத்தில் இறந்தார். நீராவிக் கப்பலும் தந்தியும் இன்னும் உலகை இணைத்திராத அக்காலத்தில் அச்செய்தி மறு ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே இங்கிலாந்தை எட்டிற்று. இடைப்பட்ட மாதங்களில் மனைவி வழக்கம்போலக் கணவன் கணக்கில் இறைச்சி வாங்கிவந்தார். கடைக்காரர் பணத்துக்கு அவர்மீது வழக்குத் தொடுத்தார். கைம்பெண்ணாகிவிட்டதை அறியாத பெண் ஒருவர் பொய்யேதும் கூறவில்லை. தமது அதிகாரம் ஒழிந்ததை அறிய அவருக்கு வழியுமில்லை. ஆகவே அவர் பொறுப்பாளியல்லர் என 1842 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. இத்தீர்ப்பு மனிதப் பண்புடையதே. ஆனால் 1829 ஆம் ஆண்டில் முடிந்த வேறொரு வழக்கின்படி, இறந்தபின் கொடுத்த பண்டங்களுக்கு இறந்தவரின் சொத்தும் பொறுப்பன்று. எனவே இறைச்சி கொடுத்தவர் எவரிடமும் பணம் பெற வழியின்றி நின்றார். மூவர் மீதும் குற்றமில்லை. ஆயினும் நட்டம் ஒருவரைச் சேர்ந்தே தீரவேண்டியிருந்தது.

பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் கேயஸ் எழுப்பிய வினாவே இது என்பதை நோக்குக. 1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியற் சட்டம் உரோமரைப் பின்பற்றி, இறப்பை அறியாமல் முகவர் செய்தது செல்லும் என விதித்தது. தாமதித்தால் கேடு விளையும் எனின், தொடங்கிய கருமத்தை இறப்பின் பின்னரும் முடித்தல் அவர் கடமை என்றும் அது கூறிற்று. இந்திய ஒப்பந்தச் சட்டமும், அதிகாரம் ஒழிந்தமை முகவருக்கும் பிறருக்கும் தெரியவரும்வரை அவ்வொழிவு அவர்களைப் பாதியாது என்றது. இங்கிலாந்திலே 1881 ஆம் ஆண்டின் உடைமை மாற்றுச் சட்டம் தத்துவத்தின்படி நல்லெண்ணத்தோடு பணங் கொடுத்தவரையும் செயல் செய்தவரையும் காத்தது. 1971 ஆம் ஆண்டின் அற்றோணித் தத்துவச் சட்டம் இக்காவலை விரித்ததோடு, கடனுக்கு ஈடாகக் கொடுத்து மீட்கமுடியாததெனக் குறித்த தத்துவம், அக்கடன் நிற்குங்காறும் கொடுத்தவரின் மரணத்தாலும் ஒழியாது என்று விதித்தது. ஹண்ட் இழந்த வழக்கின் நியாயம் இங்ஙனம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில நாட்டில் ஏற்கப்பட்டது.

இவ்விரு மரபுகளும் சந்தித்த நாடு இலங்கை. 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் உரோம – ஒல்லாந்தச் சட்டத்தை இங்கு கொணர்ந்தனர். ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டின் பிரகடனத்தால் அதனை நிலைநிறுத்தினர். ஆனால் தோட்டத் தொழிலும் வங்கி வாணிபமும் பெருகிய காலத்தில், 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முதல்வர் முகவர் உறவு முதலிய சில துறைகளில் ஆங்கிலச் சட்டமே வழங்கும் என்று விதித்தது. காணியின் உரிமை உரோம – ஒல்லாந்த மரபிலும் தேசவழமை போன்ற தனிச் சட்டங்களிலும் நிற்க, அக்காணியை இன்னொருவருக்காக விற்பவரின் அதிகாரம் ஆங்கில மரபில் நிற்கலாயிற்று. தத்துவங்களைப் பதிவு செய்தற்கு 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழிவகுத்தது. மன்றுகளில் தோன்றுவோரின் அதிகாரத்திற்கும் இதே எல்லை இடப்பட்டது. பிறக்கிராசிமார் என அன்று அழைக்கப்பட்டோர் மன்றில் இட்ட நியமனப் பத்திரம், கட்சிக்காரர் இறக்கும்வரையிலேயே வலுவுடையது என 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவை 27 ஆம் பிரிவிலே கூறிற்று.

இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் இப்பத்திரத்துக்கு இருந்த இடம் சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் யாழ்ப்பாணத்தினின்றும் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் தொழில் பார்த்தோர், தமது காணிகளை வாங்கவும் விற்கவும் ஊரிலுள்ள உறவினருக்குத் தத்துவம் அனுப்பினர். கொழும்பிலே கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடைகளோ, முதலாளிமார் செட்டிநாட்டில் இருக்க, தத்துவம் பெற்ற முகவர்களாலேயே நடத்தப்பட்டன. இத்தகைய ஏற்பாடுகளில் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே கடல் கிடந்தது. மரணச் செய்தி கடலைக் கடந்து வரும்வரை பத்திரம் உயிருடையது போலவே தோற்றும்.

இத்தோற்றத்தை மெய்யென மயங்குதலே கேட்டின் பிறப்பிடம். தந்தை கொடுத்த தத்துவம் பெட்டியிற் கிடக்கின்றது. அவர் இறந்தபின் மக்களுள் ஒருவர் அதனைக் கொண்டு காணியை விற்கத் துணிகின்றார். தம் தந்தையின் எண்ணத்தையே நிறைவேற்றுவதாக அவர் கருதலாம். ஆனால் தந்தை இறந்த அன்றே காணி வழித்தோன்றல்கள் யாவரையும் சேர்ந்துவிட்டது. அப்பத்திரத்தால் விற்றவர் தம் சகோதரரின் பங்கையும் விற்க முற்பட்டவராவர். வாங்கியவர் பணத்தைக் கொடுத்துக் குறையுள்ள உறுதியைப் பெற்றவராவர். இறந்தபின் தம் விருப்பம் நடைபெற வேண்டுமென எண்ணுவோருக்கு உரிய கருவி மரணசாசனமே. தத்துவம் வாழ்வோரின் குரல். மரணசாசனம் இறப்பின் பின் பேசுதற்கென்றே எழுதப்படுவது. மரணசாசனத்தில் நியமிக்கப்பட்டவரும், மரணசாசனம் இல்லாதவிடத்து மன்று நியமிக்கும் நிருவாகியும் பெறும் அதிகாரம், இறந்தவரின் பழைய அற்றோணிக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தத்துவத்தின் எல்லை ஒரு பக்கத்தில் விரிந்தது. கொடுத்தவர் முதுமையாலோ நோயாலோ சித்தசுவாதீனத்தை இழப்பின் தத்துவமும் ஒழியும் என்பது பழைய விதி. துணை மிக வேண்டிய வேளையில் துணை நீங்கும் நிலை அது. இதனை மாற்றி, அந்நிலையிலும் நீடிக்கும் தத்துவத்தை அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் 1954 ஆம் ஆண்டில் ஏற்றது. இங்கிலாந்து 1985 ஆம் ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றிற்று. அறிவு மயங்கினும் தத்துவம் நிலைக்கலாம் எனத் துணிந்த இச்சட்டங்களும் மரணத்தின் வாயிலில் நின்றுவிட்டன. மயங்கியவர்க்கு உரிமைகள் உண்டு. அவற்றை அவர்பொருட்டுக் காப்பவர் வேண்டும். இறந்தவரின் உரிமைகளோ பிறரைச் சேர்ந்துவிட்டன. அவற்றைக் காத்தல் அப்பிறரின் கடன்.

உரோமர் நட்பின் இயல்பு கொண்டும், ஆங்கிலேயர் நிலத்தின் இயல்பு கொண்டும், மார்ஷல் பெயரின் இயல்பு கொண்டும் இம்முடிவையே கண்டனர். அறியாது செய்தவரைக் காக்கவும், பொருளில் உரிமை பெற்றவரைக் காக்கவும் அவ்விதி காலந்தோறும் இடந்தோறும் நெகிழ்ந்தது. ஆயினும் அதன் நடுநாடி மாறவில்லை. ஒருவர் மற்றொருவருக்குத் தம் கையைக் கடனாகக் கொடுக்கலாம். அக்கை அவர் உயிருள்ளவரையிலேயே இயங்கும். தத்துவம் எழுதுவோரும், அதனை நம்பிப் பணங் கொடுப்போரும், அதனைக் கையில் வைத்திருப்போரும் இவ்வெல்லையை அறிந்திருப்பின், குடும்பங்கள் பல மன்றின் படிகளை மிதியாமல் வாழும்.